மிளகாய்ச் செடி ஏன் வாடியது?

கல்லூரியில் பதினெட்டு ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதலாமாண்டு மாணவர்களுக்குப் பரப்பு இழுவிசைப் பாடம் நடத்துவேன். நுண்புழைக் குழாயில் நீர் ஏறும் உயரத்துக்கான சமன்பாட்டைக் கரும்பலகையில் வருவித்துக் காட்டுவேன். தேர்வில் அதை எழுதத் தவறியவர்களுக்கு மதிப்பெண்ணைத் தாராளமாகவே குறைப்பேன். அப்படிப்பட்ட நான், அதே சமன்பாட்டை மறந்துபோனதால் என் வீட்டு மொட்டை மாடியில் ஆறு மிளகாய்ச் செடிகளைக் கொன்றேன் என்றால் நம்புவீர்களா?

கிராமத்தில் தனியாக இருந்த அம்மாவை மூன்று ஆண்டுகளுக்கு முன் திருச்சிக்கு அழைத்து வந்தோம். வந்த நாள் முதல் அவருக்கு ஒரே குறைதான். "துவையலுக்கு ரெண்டு மிளகாய் வேணும்னாக்கூட கடைக்கு ஆள் அனுப்பணுமா?" என்பார். ஊரில் வீட்டுக்குப் பின்னால் கொல்லை உண்டு. இங்கே எங்களுக்கு இருப்பதோ வாடகை வீட்டின் மாடி. சரி, மாடியிலேயே தோட்டம் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். எட்டு மிளகாய், நான்கு தக்காளி. இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்ற அலட்சியமும் எனக்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கறுப்பு நிற வளர்ப்புப் பைகள் வாங்கினேன். ஏரிக் கரையிலிருந்து களிப்பான வண்டல் மண் ஒரு மூட்டை கொண்டு வந்தேன். தண்ணீர் நன்றாக வடியட்டும் என்று ஒவ்வொரு பையின் அடியிலும் இரண்டு அங்குலம் ஜல்லி பரப்பி, அதன்மேல் மண்ணை நிரப்பி, மாசி மாதத்தில் நாற்று நட்டேன். "ஆடியில வைக்க வேண்டியதை மாசியில வச்சா அது என்னப்பா பண்ணும்?" என்று அம்மா கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பங்குனி வெயில் ஏறியது. மதியம் பார்த்தால் இலைகள் தொங்கின. ஐயோ, தாகம் என்று ஒரு வாளி ஊற்றினேன். மறுநாளும் தொங்கின. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் ஊற்றினேன். அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. இருபது நாட்களில் ஆறு செடிகள் போய்விட்டன.

அந்த வாரத்தில் ஒரு மாணவன் செய்முறைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தான். விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் மிளகாய் போடும் விவசாயியின் மகன். மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். உயிரோடிருந்த ஒரு பையில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தான். எடுத்து முகர்ந்தான்.

"சார், இது தாகத்துல வாடலை. மூச்சு முட்டி வாடுது. எங்க காட்டுல மழை பெஞ்சு தண்ணி கட்டிக்கிட்டா செடி இப்படித்தான் தலையைத் தொங்கப் போடும்" என்றான்.

செத்துப்போன ஒரு செடியின் பையைக் கிழித்தோம். மேலே ஓரளவு நல்ல மண். கீழே கறுத்த சேறு; சாக்கடை நாற்றம். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பு நிறத்தில், தொட்டால் தோல் கழன்று வந்தன. இரண்டு வாரத்துக்கு முன்புதான் அதே மாணவனுக்கு நுண்புழை ஏற்றக் கேள்வியில் பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டிருந்தேன்.

ஸ்பாஞ்சு சொல்லும் பாடம்

பையின் அடியில் துளை இருக்கிறது. ஜல்லியும் இருக்கிறது. பிறகு ஏன் தண்ணீர் வடியவில்லை? இதைப் புரிந்துகொள்ள நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம்.

பாத்திரம் துலக்கும் நீள்சதுர ஸ்பாஞ்சு ஒன்றைத் தண்ணீரில் நன்றாக ஊற வையுங்கள். வெளியே எடுத்து, பிழியாமல், அகலப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்கைவாட்டில் பிடியுங்கள். நீர் சொட்டும்; சிறிது நேரத்தில் நின்றுவிடும். இனிச் சொட்டாது என்று தெரிந்ததும் அதை மெதுவாகச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் நீர் கொட்டுகிறது அல்லவா? ஸ்பாஞ்சு அதேதான், துளைகளும் அவைதாம். உயரம் மட்டுமே மாறியிருக்கிறது.

ஸ்பாஞ்சின் நுண்ணிய துளைகள் குறிப்பிட்ட உயரம் வரைதான் நீரைத் தாங்கிப் பிடிக்க முடியும். அந்த உயரத்துக்கு மேலே உள்ள நீர் புவியீர்ப்பினால் இறங்கி வடிந்துவிடும். கீழே உள்ள நீரைப் பரப்பு இழுவிசை விடாது. மண்ணும் இப்படித்தான். எவ்வளவு நேரம் வடியவிட்டாலும் பையின் அடியில் ஓர் அடுக்கு நீரில் ஊறியே இருக்கும்.

அந்த அடுக்கின் உயரம் எவ்வளவு? பாடப்புத்தகச் சமன்பாட்டிலேயே விடை இருக்கிறது. அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயில் நீர் சுமார் 3 சென்டிமீட்டர் ஏறும். ஆரம் 0.1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 15 சென்டிமீட்டர். மண்ணின் துளைகள் நேரான கண்ணாடிக் குழாய்கள் அல்ல. ஆகவே இது தோராயக் கணக்குத்தான். ஆனாலும் செய்தி தெளிவு. பருமணல் கலந்த மண்ணில் ஊறிய அடுக்கு சில சென்டிமீட்டரோடு நின்றுவிடும். களிமண்ணின் துளைகள் 0.1 மில்லிமீட்டரைவிட மிக நுண்ணியவை. என் பையின் மண் உயரமோ 20 சென்டிமீட்டர். ஏறக்குறைய முழுப் பையுமே சேறாகக் கிடந்ததில் வியப்பில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை, நான் போட்ட ஜல்லி. நுண்துளை மண் நீரை வலுவாகப் பிடித்துக்கொள்கிறது. ஜல்லிக்கு நடுவேயுள்ள பெரிய இடைவெளிகளுக்கோ அந்தப் பிடிப்பு இல்லை. எனவே மண்ணின் அடிப்பகுதி முற்றிலும் நிறைந்து வழியும் வரை நீர் ஜல்லிக்குள் இறங்காது. சேற்றடுக்கு பையின் அடியில் இருப்பதற்குப் பதிலாக ஜல்லியின் தலைமேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதாவது, இரண்டு அங்குல ஜல்லி போட்டு, வேர்களின் இடத்தை இரண்டு அங்குலம் குறைத்ததுதான் நான் செய்த உபகாரம். துளை வழியே மண் ஒழுகாமல் இருக்க ஓர் ஓட்டாஞ்சில்லு வைத்தால் போதும்.

வேருக்கும் மூச்சு உண்டு. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் மண்ணின் காற்றுத் துளைகள் வழியே விரவி வந்து சேருகிறது. துளைகளில் நீர் நிறைந்துவிட்டால் கதை மாறிவிடும். ஆக்சிஜன் காற்றில் விரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் அது விரவுவது சுமார் 10,000 மடங்கு மெதுவாக. சுவாசம் தடைப்பட்ட வேர் நீரை உள்ளே விடும் திறனையும் இழக்கிறது. ஆகவே வேரைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது; இலையோ தண்ணீர் இல்லாமல் தொங்குகிறது. அதைப் பார்த்து நாம் இன்னொரு வாளி ஊற்றுகிறோம்!

தக்காளி, மிளகாய், கத்தரி, மணத்தக்காளி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் நீர் தேங்குவதை மிளகாய் மிகக் குறைவாகவே பொறுக்கும். அதனால்தான் என் தக்காளிகள் தப்பின, மிளகாய்கள் செத்தன.

அப்படியானால் உண்மையான தாகத்தை எப்படி அறிவது? மதியம் இரண்டு மணிக்குச் செடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடும் வெயிலில் இலைகள் இழக்கும் நீரின் வேகத்துக்கு வேர்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. நல்ல செடியும் சற்றுத் துவளும், மாலையில் நிமிர்ந்துவிடும். காலை ஏழு மணிக்கும் துவண்டிருந்தால்தான் கவலை. அப்போதும் முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டு கணு ஆழத்தில் ஈரம் இருந்தால் வாளியைக் கீழே வைத்துவிடுங்கள்.

அந்த ஆண்டு உள்தேர்வில் கேள்வியை மாற்றினேன். "பூந்தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பலாமா? காரணம் கூறுக" என்று கேட்டேன். சமன்பாட்டை மனப்பாடம் செய்தவர்கள் பலர் திணறினார்கள். விளாத்திகுளத்து மாணவன் ஒன்பது வாங்கினான்.

கறுப்புப் பையின் காய்ச்சல்

இலை நீரை ஆவியாக்குவது வீண் செலவு அல்ல. மண்பானையில் நீர் குளிர்வது போலத்தான் இலையும் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 24 இலட்சம் ஜூல் உள்ளுறை வெப்பம் தேவை. 100 வாட் மின்விளக்கு ஒன்று 6 மணி 40 நிமிடம் எரியும்போது செலவாகும் ஆற்றல் அது. நன்கு வளர்ந்த தக்காளிச் செடி கோடையில் ஒரே நாளில் ஒரு லிட்டருக்கு மேலும் ஆவியாக்கும்.

ஆனால் வேருக்கு இந்த வசதி இல்லை. ஒரு சித்திரை நாளில் மூன்று மணிக்கு ஆய்வக வெப்பநிலைமானி ஒன்றை மாடிக்குக் கொண்டு போனேன். நிழலில் காற்று 38 டிகிரி செல்சியஸ். மேற்குப் பக்கம் வெயில் படும் கறுப்புப் பையின் ஓரத்து மண் 47 டிகிரி! கறுப்பு நிறம் கதிர்வீச்சை நன்றாக உட்கவரும் என்று எட்டாம் வகுப்பிலேயே படிக்கிறோம். படித்ததை மாடிப்படி ஏறும்போது மறந்துவிடுகிறோம்.

பைகளுக்கு வெளியே சுண்ணாம்பு அடித்தேன். தளத்தின் சூடு ஏறாமல், அடியில் காற்றோடும்படி செங்கல் மேல் தூக்கி வைத்தேன். மண்ணின்மேல் காய்ந்த தென்னை ஓலைகளை நறுக்கிப் பரப்பினேன். அடுத்த வாரம் ஏறத்தாழ அதே வெயிலில் 40 டிகிரிதான் காட்டியது.

ஒரு செய்தியை மறக்கக் கூடாது. ஈர மண் கனமானது. 15 லிட்டர் பை ஒன்று நனைந்தால் சுமார் 25 கிலோ இருக்கும். ஆகவே பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்தரமோ உள்ள ஓரங்களில் பரப்பி வையுங்கள். வீட்டுக்காரரிடம் முன்னதாகச் சொல்லியும் விடுங்கள்!

பூத்தும் காய்க்காத தக்காளி

தப்பிப் பிழைத்த நான்கு தக்காளிகளும் சித்திரையில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்தன. அம்மா எண்ணிக்கூடப் பார்த்தார். ஆனால் ஒரு பூவாவது காயாக வேண்டுமே! காம்பின் நடுவிலுள்ள கணுவில் ஒடிந்து எல்லாம் தரையில் விழுந்தன.

தக்காளியின் மூதாதையர் வாழ்ந்தது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியில். பகலில் மிதமான வெயிலும் இரவில் நல்ல குளிர்ச்சியும் அதற்குப் பிடிக்கும். பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 21 டிகிரிக்கு அருகே இறங்காமல் இருந்தால் காய்ப்பிடிப்பு குறைகிறது. பூ மலர்வதற்குச் சில நாட்கள் முன்பே, மகரந்தம் உருவாகும் கட்டத்திலேயே வெப்பம் அதைக் கெடுத்துவிடுகிறது. திருச்சியில் மே மாதத்தில் பகல் 38, 39 டிகிரி. இரவும் 26, 27. எந்த உரம் போட்டு என்ன பயன்? ஆடி பற்றி அம்மா சொன்னது இப்போது புரிந்தது.

இரண்டாம் முறை ஆடியில் விதைத்தேன். செம்மண், பருமணல், மக்கிய எரு மூன்றையும் சம பங்காகக் கலந்தேன். பையும் 40 சென்டிமீட்டர் உயரம். (ஊறிய அடுக்கின் உயரம் மண்ணைப் பொறுத்தது, பையைப் பொறுத்தது அல்ல. ஆகவே உயரமான பையில் மூச்சுவிட இடம் மிகுதி.) தக்காளிக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1 இரகம்; மிளகாய்க்குச் சந்தையில் கிடைத்த சம்பா. ஒரு மாத நாற்றைப் பறித்து நடும்போது தக்காளியைத் தண்டின் பாதி மறையும்படி ஆழமாக நட்டேன். தக்காளித் தண்டு மண் பட்ட இடமெல்லாம் வேர்விடும். மிளகாயை அப்படிச் செய்யாதீர்கள். நாற்றங்காலில் இருந்த ஆழமே அதற்குப் போதும்.

புரட்டாசிக் கடைசியில் பூக்கள் வந்தன. இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஓர் இசைக்கவையை இரவல் வாங்கி வந்தேன்!

இசைக்கவைக்கும் தக்காளிக்கும் என்ன தொடர்பு? தக்காளிப் பூவை உற்றுப் பாருங்கள். மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி, தலைகீழாகத் தொங்கும் மஞ்சள் கூம்பாக நிற்கின்றன. மகரந்தம் கூம்புக்குள்ளே அடைபட்டிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் வைக்கும் மிளகுத்தூள் குப்பியைப் போல, நுனி வழியாகத்தான் அது வெளியே வர வேண்டும். சூல்முடியும் அந்தக் கூம்புக்கு நடுவிலேயே இருப்பதால் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஆனால் குப்பியை யாராவது உலுக்க வேண்டும்.

காற்று கொஞ்சம் உலுக்கும். அதைவிடத் திறமையாக உலுக்குபவை சில வண்டுகள். மூங்கிலையும் உத்தரத்தையும் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கறுப்பு வண்டைப் பார்த்திருப்பீர்கள். அது பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பறக்காமலே, பறப்பதற்கான தசைகளை மட்டும் படபடவென்று அதிர வைக்கும். அப்போது அதன் ரீங்காரம் மாறுவதைக் காதாலேயே கேட்கலாம். இப்படி அதிர வைக்கும் ஈக்களின் அதிர்வெண் பெரும்பாலும் விநாடிக்குச் சில நூறு. நம் தேனீக்கு மட்டும் இந்த வித்தை தெரியாது. ஐரோப்பாவில் கண்ணாடிக் கூடங்களில் தக்காளி வளர்ப்பவர்கள், 1980-களின் பிற்பகுதி வரை, மின் அதிர்வுக் கருவியோடு கொத்துக் கொத்தாக நடந்து பூக்களை அதிர வைத்தார்கள். பிறகு அந்த வேலையை வளர்ப்பு வண்டுத் தேனீக்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

கையால் செடியை ஆட்டினால் போதாதா என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தனிச் சீரிசை இயக்கத்தில் பெரும முடுக்கம் என்பது கோண அதிர்வெண்ணின் இருமடியை வீச்சால் பெருக்கினால் கிடைப்பது. விநாடிக்கு மூன்று முறை, ஒரு சென்டிமீட்டர் வீச்சில் கையால் ஆட்டினால் முடுக்கம் சுமார் 3.5 மீட்டர்/விநாடி²; புவியீர்ப்பு முடுக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான். 256 ஹெர்ட்ஸ் இசைக்கவை, பத்தில் ஒரு மில்லிமீட்டர் வீச்சில் அதிர்ந்தாலும் முடுக்கம் சுமார் 258 மீட்டர்/விநாடி². அது புவியீர்ப்பைப் போல் 26 மடங்கு! சுவரில் ஒட்டிய தூசி போலக் கூம்புக்குள் ஒட்டிக் கிடக்கும் மகரந்தத்தை எது உதிர்க்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

காலை ஒன்பதரை மணிக்கு, பனி உலர்ந்த பிறகு, ரப்பர் கட்டையில் தட்டிய இசைக்கவையின் புயத்தைப் பூக்காம்பில் மெல்லத் தொட்டேன். கீழே கறுப்புத் தாளைப் பிடித்திருந்தாள் என் மகள். வெளிர் மஞ்சள் தூள் புகைபோல இறங்கித் தாளில் படிந்தது. அம்மா, "என்னடா, செடிக்குப் பாட்டு வாத்தியாரா ஆயிட்டே?" என்று சிரித்தார். இசைக்கவை இல்லாதவர்கள் மின்கலத்தால் ஓடும் பல்துலக்கியின் பின்புறத்தைக் காம்பில் வைத்தும் இதைச் செய்யலாம். மிளகாய்க்கு இது தேவையில்லை. அதன் மகரந்தப் பை நீளவாக்கில் வெடித்து மகரந்தத்தை வெளியே காட்டிவிடுகிறது.

கறுத்த அடிப்பக்கம்

தீபாவளிக்கு ஒரு வாரம் வெளியூர் போனோம். மழையும் ஏமாற்றியது. திரும்பி வந்து, காய்ந்து கிடந்த பைகளில் தளும்பத் தளும்ப ஊற்றினேன். சில நாட்களில் எலுமிச்சை அளவுத் தக்காளிகளின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தது. பூச்சியோ பூஞ்சையோ என்று பயந்தேன். இரண்டும் இல்லை. காய்க்குக் கால்சியம் போதவில்லை.

பலரும் செய்வதுபோல முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன். அது மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும் என்பது ஒருபுறம். மண்ணில் கால்சியம் பெரும்பாலும் இருக்கத்தான் செய்கிறது; சிக்கல் போக்குவரத்தில். கால்சியம் நீரோட்டத்தோடு மட்டுமே வேரிலிருந்து மேலே போகும். நீரை ஆவியாக்கும் இலைகளுக்கு ஓட்டம் பலம். மெழுகுத் தோல் மூடிய காய்க்கு ஓட்டம் சொற்பம். நீர் ஒரு வாரம் வறண்டால் முதலில் பட்டினி கிடப்பது காயின் கடைக்கோடிதான். மருந்து, ஒரே சீராக நீர் ஊற்றுவது. ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இலை சுருண்டால் வேறு கதை. தக்காளியில் வெள்ளை ஈ கொண்டு வரும் நச்சுயிரியும், மிளகாயில் இலைப்பேன், சிலந்திப்பேன் போன்றவையும் காரணமாகலாம். வேப்பெண்ணெய் தெளிப்பவர்கள் அதில் சிறிது சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் தனியே மிதக்கும், தெளித்த நீரும் இலைமேல் முத்து முத்தாக உருண்டுவிடும். அங்கும் பரப்பு இழுவிசைதான்!

கார்த்திகையில் அம்மா முதல் மிளகாயைப் பறித்தார். பச்சையாகவே ஒரு கடி கடித்து, கண்ணில் நீர் வர, "காரம் இருக்குடா" என்றார். அந்தக் காரம் விதையில் பிறப்பதில்லை. விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில் உண்டாகும் கேப்சைசின் என்ற பொருள் அது. சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்பு வாயில்களையே அது திறந்துவிடுகிறது. ஆகவே "வாய் எரிகிறது" என்பது வெறும் உவமை அல்ல. இந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் நீரில் அநேகமாகக் கரையாது. அம்மாவுக்குத் தண்ணீருக்குப் பதில் மோர் கொடுத்தோம்.

இனி இசைக்கவையின் முடிவு. அடுத்தடுத்த கொத்துகளில் 20 பூக்களை இசைக்கவையால் அதிர வைத்தேன். 20 பூக்களை அப்படியே விட்டேன். அதிர வைத்தவற்றில் 16 காயாயின, விட்டவற்றில் 11. இசைக்கவை வென்றது என்று எழுத ஆசைதான். ஆனால் இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம். மேலும் எங்கள் மாடியில் காற்று பலமாகவே வீசுகிறது. அது தன் பங்குக்கு எல்லாப் பூக்களையும் உலுக்கியிருக்கும். குறைந்தது இருநூறு பூக்களாவது வேண்டும்.

இரண்டு செடி வளர்க்கும் மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் இருநூறு பூக்கள் கடினமல்ல. ஒவ்வொரு கொத்திலும் பாதிப் பூக்களின் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். எந்தப் பூவுக்குச் சிவப்பு என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். செழிப்பான பூவையே கை தானாகத் தேடிப் போகும். சிவப்பு நூல் பூக்களை மட்டும் தொடர்ந்து மூன்று காலைகள் அதிர வையுங்கள். இரண்டு வாரம் கழித்துக் காய்களை எண்ணுங்கள். உதிர்ந்ததையும் எண்ண மறவாதீர்கள். இந்த ஆடியில் விளாத்திகுளத்து மாணவனும் நானும் அறுபது பூக்கள் எண்ணுவதாக இருக்கிறோம். மீதி நூற்று நாற்பது உங்களிடம்.